ஒரே கட்டளையில் அழிந்த சினிமா!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் என்ன செய்கிறோம்? போட்டோக்களை ஏற்றுகிறோம், பாட்டு கேட்கிறோம், குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டுகிறோம். பேக்கப் என்ற வார்த்தை மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் வரவில்லை.

என் அப்பா தன் பேத்திக்குக் கதை சொன்னதை மைக் வைத்துப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அவர் காலமான மறு வருடம் ஹார்ட் டிஸ்க் பழுதானது. "டேட்டா வராது சார், புது டிஸ்க் போட்டுக்குங்க" என்றார் சர்வீஸ் செய்தவர். புது டிஸ்க் அன்றே கிடைத்துவிட்டது. அப்பாவின் குரல் கிடைக்கவில்லை.

"நமக்குத்தான் இப்படி" என்று நொந்துகொண்டிருந்தபோதுதான், அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில் நடந்த சம்பவத்தைப் படித்தேன். அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் விற்ற ஸ்டுடியோ

பிக்ஸார் முதலில் சினிமா கம்பெனியே அல்ல. ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் பிரிவாக இருந்ததை, 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். படங்களைக் கையாளும் விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களை விற்பதுதான் அன்று அதன் தொழில். வாங்க ஆள் குறைவு. தங்கள் திறமையைக் காட்ட எடுத்த குறும்படங்கள்தான் பெயர் வாங்கித் தந்தன. 1988-ல் வந்த 'டின் டாய்' ஆஸ்கார் பரிசே பெற்றது.

1995 நவம்பரில் 'டாய் ஸ்டோரி' வெளியானது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளப் படம் இதுதான். மொத்தம் 1,14,240 பிரேம்கள். 117 கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக அவற்றை வரைந்து தள்ளின. செலவான நேரம் சுமார் 8 லட்சம் மணி. ஒரே கம்ப்யூட்டரை நம்பியிருந்தால் 90 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கும்!

படம் பொம்மைக் கடையையும் விட்டுவைக்கவில்லை. தயாரிப்பு நின்றுபோயிருந்த ஸ்லிங்கி நாய் பொம்மை மீண்டும் விற்பனைக்கு வந்தது. கையால் வரைந்த கார்ட்டூன்களுக்குப் பெயர் போன டிஸ்னி, 2006-ல் பிக்ஸாரை 740 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. இன்று கார்ட்டூன் படம் என்றாலே நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் படம்தான் நினைவுக்கு வருகிறது.

தொப்பி போனது, ஆளும் போனார்

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. கதாநாயகன் வுடியின் பைல்கள் இருந்த போல்டரை ஓரன் ஜேக்கப் என்ற தொழில்நுட்ப அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தொப்பி காணாமல் போனது. அடுத்து பூட்ஸ். பிறகு வுடியே இல்லை! யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். மெஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினார்கள். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் அழிந்திருந்தது.

"பேக்கப் இருக்குமே?" என்பீர்கள். டேப்பில் பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது சரியாகப் பதிவாகாமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

கைகொடுத்தது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அவர் வீட்டு மெஷினில் படத்தின் ஒரு காப்பி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, குழந்தையைப் போல காரில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சில வாரங்கள் பழைய காப்பிதான், ஆனாலும் அதை வைத்தே படத்தை மீட்டார்கள்.

பின்னர் கதை பிடிக்காமல் பெரும்பகுதியை மாற்றி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அப்போதும் வுடி முதலான பாத்திரங்களின் மாடல்களைத் தூக்கிப் போடவில்லை. 1999 நவம்பரில் படம் வெளியாகி வெற்றி பெற்றது.

நாம் செய்ய வேண்டியது

பிக்ஸாருக்கு ஒரு சூஸ்மன் இருந்தார். நம் வீட்டில் அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

1. முக்கியமான போட்டோ, வீடியோ, குரல் பதிவுகளை ஒரே போல்டரில் சேர்த்து, வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்.

2. இன்னொரு காப்பி வேறு இடத்தில் இருக்கட்டும். அண்ணன் வீடாகவும் இருக்கலாம், கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். தானாக ஒத்திசையும் போல்டரில் ஒரு பைலை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். எனவே அதை மட்டும் நம்பாதீர்கள்.

3. மாதம் ஒருமுறை காப்பியைத் திறந்து, நாலு பைல்களையாவது ஓட்டிப் பாருங்கள். பிக்ஸார் கோட்டை விட்டது இங்கேதான்.

4. ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு டெலீட் செய்தால் பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பென் டிரைவில் அழிப்பதும் பொதுவாக அப்படித்தான். கவனம் தேவை.

இப்போது என் மகள் பேசுவதையெல்லாம் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். அவள் தாத்தாவின் குரல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. இந்தப் பக்கத்தை மூடியதும், உங்கள் வீட்டில் எந்தப் பைல் போனால் திரும்பக் கிடைக்காது என்று யோசியுங்கள். அதற்கு இன்றே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்!