ஈறு மேல் ஒரு பேக்

ஈறு அறுவை சிகிச்சை முடிந்ததும் தையல் மேல் பிசைந்த மாவு மாதிரி ஒன்றை டாக்டர் அப்பிவிடுவார். அதுதான் ‘பேக்’. 1923-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வார்டு அறிமுகப்படுத்திய பேக்கில் துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலும் இருந்தது. நம் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பின் எண்ணெயில் இருக்கும் அதே சத்து! வலியை மரக்கச் செய்யும். ஆனால் சிலருக்கு எரிச்சலும் தந்தது. அதனால் இப்போது பெரும்பாலும் யூஜினால் சேராத பேக்தான்.

பேக் புண்ணை ஆற்றுவதில்லை. சோறும் பல்துலக்கியும் படாமல் காக்கிறது. ஈறு தானே ஆறிக்கொள்ளும். மஞ்சள், சோற்றுக்கற்றாழை சேர்ந்த ஜெல்களையும் நம் நாட்டில் ஆராய்ந்து வருகிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் வீட்டு மஞ்சள்தூளையோ கிராம்புத் தைலத்தையோ தையலில் வைத்துவிடாதீர்கள். தைலம் நேராகப் பட்டால் சதை வெந்துபோகலாம்.

செவிலிமேட்டில் தறிக்குழியில் உட்காரும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பேக் இருக்கும் ஒரு வாரமும் குழைந்த சோறு, ஆறின கஞ்சி, மறுபக்க மெல்லல். முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். புகையிலையைத் தொடவே வேண்டாம், புண் ஆறுவதைத் தள்ளிப்போடும். பேக் சீக்கிரமே கழன்று விழுந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.