விரலே படிக்கும் எச்சரிக்கை

சித்தூர் வாசகர் ஒருவர், பழைய வீட்டுப் பரணில் கிடைத்த புட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். நீலக் கண்ணாடி, ஆறு பட்டை, அதில் மூன்று பட்டைகளில் வரிவரியாகப் புடைப்பு. நடுவே 'நாட் டு பி டேக்கன்' (உட்கொள்ளக் கூடாது) என்று ஆங்கில எழுத்து. என்ன புட்டி இது என்று கேட்கிறார்.

மருந்துக்கடைக்காரர்கள் விஷம் அடைத்துக் கொடுத்த புட்டி அது. சித்தூர் அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது; அதனால் இது சென்னைக் கடை ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். ராஜதானியின் பேர்பெற்ற இங்கிலீஷ் மருந்துக்கடைகளில் ஒன்று டபிள்யூ.இ. ஸ்மித் கம்பெனி. மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் கூடும் மூலையில் 1897-ல் அவர்கள் எழுப்பிய மாளிகைதான் பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஆனது. மருந்தோடு அறுவைக் கருவிகளும் சோடாவும்கூட அங்கே கிடைத்தன.

புட்டிக்கு வருவோம். மின்விளக்கு இல்லாத இரவு. தலைமாட்டில் இருமல் மருந்து. பக்கத்திலேயே கார்பாலிக் அமிலம். கை தவறினால் உயிர் போகும். இங்கிலாந்தில் இப்படிப் பலர் இறந்தார்கள். 1859-ல் சேவரி, பார்க்கர் என்ற இருவர் விஷத்துக்கென்றே பட்டையும் வரியும் வைத்த புட்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். குடிக்கும் மருந்துப் புட்டி வழவழப்பாக இருக்கும். இதுவோ விரல் பட்டதும் உறுத்தும். மின்வெட்டில் என் பாட்டி அஞ்சறைப்பெட்டிக்குள் விரலை விட்டே கடுகையும் வெந்தயத்தையும் பிரித்தெடுப்பார். அந்தத் தொடுவறிவை நம்பித்தான் இந்தப் புட்டியைச் செய்தார்கள். வெளிச்சத்தில் எச்சரிக்க கோபால்ட் நீலம். இருட்டில் எச்சரிக்க வரிகள். எழுத்தறியாதவருக்கும் இரண்டும் புரியும்.

வயதைக் கணிக்க, பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தையலைப் பாருங்கள். அது கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் நூறு வயது தாண்டியது. உதடுவரை ஏறினால் இயந்திரம் வார்த்தது. உள்ளே கறை இருந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள்.

இன்று இவற்றைச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். புட்டி பிழைத்துக்கொண்டது, அதைச் செய்ய வைத்த அக்கறையைத்தான் தொலைத்துவிட்டோம். கழிவறை ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அந்தப் பாட்டில் சொல்வதெல்லாம் 'குடி' என்பதுதான். நீலப் புட்டியை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். ஆனால் இன்றே உங்கள் சமையலறையிலும் குளியலறையிலும் தேடி, குடிக்கும் பாட்டிலில் விஷம் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.