ஓட்டுநரின் வேகத்தை மாற்றும் சாலைச் சந்திப்பு: வடிவமைப்பால் விபத்தைக் குறைப்பது எப்படி?

கல்யாண்: கல்யாண், டோம்பிவிலியில் இருந்து நவி மும்பைக்கு வேலைக்குச் செல்வோர் ஷில்பாட்டா சந்திப்பை நன்கு அறிவர். ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்து வரும் கண்டெய்னர் லாரிகள், பேருந்துகள், ஆட்டோக்கள், இருசக்கர வாகனங்கள் ஆகியவற்றுக்கு இடையேதான் பாதசாரிகளும் அங்கு சாலையைக் கடக்க வேண்டியுள்ளது.

இத்தகைய இடங்களில் விபத்து நேரிட்டால் ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் எனக் கூறப்படுவது வழக்கம். ஆனால், ஓட்டுநர் எந்த வேகத்தில் வருவார், எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதை சந்திப்பின் வடிவமைப்பும் தீர்மானிக்கிறது.

மோதல் புள்ளிகள் எத்தனை?

வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும், இணையும், பிரியும் இடங்கள் 'மோதல் புள்ளிகள்' எனப்படுகின்றன. நான்கு சாலைகள் கூடும் வழக்கமான சந்திப்பில் இவை 32. அதுவே ஒருவழித்தட ரவுண்டானாவாக இருந்தால் 8 மட்டுமே. ரவுண்டானாவில் வாகனங்கள் ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதலுக்கும், குறுக்கே வந்து மோதுவதற்கும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது. வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் வேகமும் தானாகவே தணிகிறது.

முனையின் வளைவு

சாலை முனை அகன்று வளைந்திருந்தால், ஓட்டுநர் பிரேக்கை அழுத்தாமலேயே இடதுபுறம் திரும்பிவிடுவார். முனை குறுகலாக இருந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சிக்னலில் நிற்காமல் இடதுபுறம் திரும்பும் வசதி உள்ள இடங்களில், ஓட்டுநரின் பார்வை வலதுபுறம் இருந்து வரும் வாகனங்கள் மீதே இருக்கும். முன்னால் சாலையில் இறங்கும் பாதசாரி அவர் கண்ணில் படாமல் போகலாம்.

கடக்கும் தூரமும் முக்கியமானது. விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 18 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 15 விநாடிகள் தேவை. நடுவே பாதுகாப்பாக நிற்க ஒரு திட்டு அமைத்தால், ஒரே மூச்சில் கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

பாந்த்ரா முயற்சி

மாற்றத்துக்குப் பெரும் செலவு தேவை என்பதில்லை. புளூம்பெர்க் அறக்கட்டளையின் உலகளாவிய சாலைப் பாதுகாப்புத் திட்டத்தில் 2015-ஆம் ஆண்டு மும்பை இணைந்தது. அதன்கீழ் பாந்த்ராவின் ஹெச்.பி. சந்திப்பில் கூம்புகள், தடுப்புகள், வண்ணப்பூச்சு ஆகியவற்றைக் கொண்டு புதிய வடிவமைப்பு தற்காலிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. நிரந்தரக் கட்டுமானத்துக்கு முன்பே குறைகளைக் கண்டறிந்து திருத்த இம்முறை உதவுகிறது.

மேம்பாலம் மட்டுமே முழுத் தீர்வாகாது. நேராகச் செல்லும் வாகனங்கள் மேலே பிரிந்துவிட்டாலும், திரும்பும் வாகனங்களும் பாதசாரிகளும் கீழே உள்ள சந்திப்பையே நம்பியிருக்கின்றனர்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஓட்டுநர் தவறு செய்யக்கூடும் என்பதைக் கருத்தில் கொண்டு சந்திப்புகளை அமைத்தால், அந்தத் தவறு ஓர் உயிரைப் பறிக்காமல் தடுக்க முடியும்.