பூவா, தலையா? லாரிக்கு ஒரு கணக்கு!

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு லாரி அதிபர். 'அதிபர்' என்றதும் மீசை, மோதிரம் என்று கற்பனை பண்ண வேண்டாம். ஒரே லாரி. அதற்கும் மாசத் தவணை.

"ஏனுங்க தம்பி, நீங்க காமர்ஸ் படிச்சவராமே? லாரியில கொஞ்சம் ஓவர்லோடு. சேலத்துக்கு ராசிபுரம் வழியாப் போனா செக்கிங் ஜீப் நிக்குமோன்னு பயம். திருச்செங்கோடு, சங்ககிரின்னு சுத்திப் போனா டீசல் தின்னுது. அங்கேயும் ஜீப் நின்னா? எதுலதானுங்க போறது?"

"பூவா தலையா போட்டுட்டுப் போங்கண்ணே" என்றேன். முறைத்தார். சத்தியமாகக் கிண்டல் இல்லை சார்!

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பிடிபட்டால் அபராதம் 6,000 ரூபாய். சுற்று வழிக்குக் கூடுதல் செலவு 2,000. ஜீப் ஒன்றுதான். எப்போதும் ராசிபுரம் வழி என்றால் ஜீப்காரர் மோப்பம் பிடித்து அங்கேயே நிற்பார், 6,000 போச்சு. எப்போதும் சுற்று வழி என்றால் அங்கே வந்து நிற்பார்; 8,000! காசைச் சுண்டிப் போட்டுப் போனால்? ஜீப் ராசிபுரம் பக்கம் நின்றால் சராசரி நஷ்டம் 4,000. சங்ககிரிப் பக்கம் நின்றாலும் அதே 4,000. ஜீப்காரர் தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் கறக்க முடியாது. அவரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு ராசிபுரம் வழியில் நின்றால் நம்மவராலும் அதைக் குறைக்க முடியாது. ஒருவர் நஷ்டம் மற்றவர் லாபம் என்ற ஆட்டங்களில் இப்படி ஒரு சமநிலை உண்டு என்று 1928-ல் நிரூபித்தவர் ஜான் வான் நாய்மன்.

"அது சரிங்க, டயரு?"

ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை! சுற்று வழியில் அடிக்கடி போனால் டயர் கூடத் தேயும். தேய்ந்த டயரோடு நாளைக்கு ஆடுவது வேறு ஆட்டம். இன்றைய முடிவு நாளைய ஆட்டத்தையே மாற்றும் இந்த ரகத்தை 1953-ல் ஆராய்ந்தவர் லாயிட் ஷேப்லி. (2012-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான், பரிசு வேறு வேலைக்கு.) இதில் ஒரு தலைவலி. கேள்வியில் எல்லாமே முழு எண்ணாக இருந்தாலும், விடையில் ரூட் 2 மாதிரி ஏதாவது வந்து வழிமறிக்கும்.

இங்கேதான் நம்மாட்கள் இருவர் வருகிறார்கள். டி.பார்த்தசாரதி, டி.இ.எஸ்.ராகவன். இருவரும் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள். இருவர் ஆட்டங்களைப் பற்றி 1971-லேயே சேர்ந்து ஒரு புத்தகம் போட்டவர்கள். 1981-ல் வந்த கட்டுரையில் அவர்கள் கேட்டது ரொம்ப எளிய கேள்வி: நாளையை மாற்றும் சாவி யார் கையில்?

டயரைப் பாருங்கள். எந்த வழியில் போனோம் என்பதைப் பொறுத்துத் தேய்கிறது. ஜீப் எங்கே நின்றது என்று டயருக்குத் தெரியாது! ஆக, சாவி ஒருவர் கையில் மட்டும். அப்படி இருந்தால் ரூட் தலைவலி கிடையாது, விடை சாதாரணப் பின்னமாகவே வரும் என்று காட்டினார்கள். அத்தனை பெரிய ஆட்டமும் லீனியர் புரோகிராமிங்காகச் சுருங்கிவிடும். பி.காம். பரீட்சைக்கு நான் உருப்போட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்தேனே, அதே சமாசாரம்! டயர் புதுசா இருந்தால் எந்த வழிக்கு எத்தனை பங்கு, தேய்ந்திருந்தால் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

பார்த்தசாரதி டெல்லியில் அதே நிறுவனத்தின் கிளையில் பேராசிரியராக இருந்தார். 1986-ல் பட்நாகர் விருது வாங்கினார். ராகவன் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். திருச்செங்கோட்டில் இவர்கள் பெயரைச் சொன்னால் "எந்த டிரான்ஸ்போர்ட்டுங்க?" என்பார்கள்.

எல்லாம் கேட்ட அதிபர், பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார். சுண்டவில்லை.

"தம்பி, எப்படிப் போனாலும் சராசரியா 4,000 நஷ்டம்னுதானே சொன்னீங்க?"

"ஆமாண்ணே, டயர் தனி. ஓவர்லோடால எவ்வளவு கூட வரும்?"

"மூவாயிரமுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, மேல இருக்கறதுல கொஞ்சம் எறக்கு. ராசிபுரம் வழியாவே போலாம்."

டீக்குக் காசு அவரே கொடுத்தார். அதே ஒரு ரூபாயும் சேர்த்து.