சொன்னவர் வேறு, கொடுத்தவர் வேறு

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஆசிரியர் நியமனம் பெற்றுச் சில வருடங்களே ஆகியிருந்தன. மசகு எண்ணெய் பரலொன்று 200 டொலருக்குப் போகும் என்ற பேச்சு எங்கும் அடிபட்டது. தவணைக் காசு கட்டி முடித்த மோட்டார் சைக்கிளை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டேன்.

“படிச்ச ஆக்கள் சொல்றாங்க வாப்பா, சும்மாவா சொல்லுவாங்க?” என்றேன்.

“சொல்றவனுக்கு என்ன மகன், வித்தவன் நீதானே” என்றார் வாப்பா.

அந்த வசனம் விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

அந்த மே மாதம் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் ஆய்வாளர்கள், 6 முதல் 24 மாதங்களுக்குள் விலை 150 முதல் 200 டொலரை எட்டக்கூடும் என்றார்கள். ஜூலையில் 147 டொலரைத் தொட்டது. ‘பலித்துவிட்டது’ என்றே எல்லோரும் நினைத்தோம். உலகப் பொருளாதாரம் சரிய, டிசம்பரில் அதே பரல் 40 டொலருக்கும் கீழே கிடந்தது.

ஏன் இப்படி? விலை கூடியதற்காக நாளைக்கே யாரும் பயணத்தை நிறுத்திவிடுவதில்லை. புதிய கிணறும் நாளைக்கே ஊறாது. ஆகவே, சிறு தட்டுப்பாடு வந்தாலே விலை பாய்கிறது. சிறு மிச்சம் இருந்தாலே விழுகிறது. 2020 ஏப்ரல் 20ஆம் திகதி, கொரோனாவால் கேள்வி வற்றி, களஞ்சியத் தாங்கிகளில் இடம் தேடும் நிலை வந்தபோது, அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூச்சியத்துக்கும் கீழே, மறை 37.63 டொலரில் முடிந்தது. அதாவது, எண்ணெயைக் கொடுப்பவரே காசும் கொடுக்க வேண்டிய நிலை!

நீண்ட காலத்தில் கதை வேறு. புவியியலாளர் ஹபர்ட், அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970ஐ அண்டி உச்சம் தொட்டு இறங்கும் என்று 1956இலேயே சொன்னார். 1970இல் அப்படியே நடந்தது. ஆனால் பிற்காலத்தில் விலை ஏற ஏற, இறுகிய பாறையைப் பிளந்து எண்ணெய் எடுப்பது இலாபமாயிற்று. 2018இல் அமெரிக்கா அந்தப் பழைய உச்சத்தையும் தாண்டியது. நிலத்தடியைக் கணித்தவரால், விலை மனிதனை என்ன செய்ய வைக்கும் என்பதைக் கணிக்க முடியவில்லை.

சவூதி எண்ணெய் வற்றப்போகிறது என்று நூலே எழுதியவர் மத்யூ சிமன்ஸ். 2010இன் சராசரி விலை 200 டொலரைத் தாண்டும் என்று, பத்திரிகையாளர் ஜோன் டியர்னியுடன் 2005இல் 5,000 டொலர் பந்தயம் கட்டினார். அந்த வருடச் சராசரியோ ஏறத்தாழ 80 டொலர்தான். பந்தயம் நமக்கு ஆகாத விசயம். ஆனாலும் தன் சொல்லுக்குத் தன் காசை வைத்த நிபுணர் அவர், அப்படிப்பட்டவர்கள் குறைவு.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. விலை ஏறிக்கொண்டே போகும் என்ற அச்சத்தில், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2007, 2008இல் வங்கிகளுடன் விலைக்காப்பு ஒப்பந்தங்கள் செய்தது. விலை ஏறினால் வங்கி ஈடு தரும், ஆனால் ஒரு வரம்புக்குள். விலை விழுந்தால் கூட்டுத்தாபனம் கட்ட வேண்டும். விலை விழுந்தது. கொடுப்பனவுகளை நமது உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. வழக்கு வெளிநாடு போனது. ஒரு வங்கிக்கு மட்டும் ஏறத்தாழ 162 மில்லியன் டொலர் செலுத்த வேண்டும் என 2011இல் இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுமக்களின் பணம்.

நிபுணர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. இன்று எத்தனை பரல் எடுக்கப்படுகிறது, தாங்கிகளில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் அளந்து சொல்வதை நான் நம்புகிறேன். அடுத்த வருட விலையைச் சொல்லும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது பிழைத்தால் யாருடைய காசு போகும்?

மோட்டார் சைக்கிளை விற்ற அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. வாப்பா கேட்டிருந்தார்.