பெயர் கிடைத்த குளவி, பிழைத்த மரவள்ளி

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறாத தமிழ்க் குடும்பம் அரிது. அங்குள்ள முருகன் கோயிலுக்குப் பின்னால் தொடங்கும் காடு தாவரவியல் பூங்காவை ஒட்டியபடி 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலை உச்சிவரை போகிறது. இந்த மலையையும் பூங்காவையும் தெலுக் பகாங் பக்கமுள்ள தேசியப் பூங்காவையும் சேர்த்து, 12,481 ஹெக்டர் பரப்பை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இது மூன்றாவது. விளம்பரப் படங்களில் குரங்கும் இருவாட்சியும்தான் இடம்பிடிக்கின்றன. ஆனால் இனங்களை எண்ணிப் பார்த்தால் காட்டின் பெரும்பான்மைக் குடிகள் பூச்சிகளே. அவற்றிலும் பெருங்கூட்டம் ஒட்டுண்ணிக் குளவிகள்.

குளவி என்றதும் கூரையடியில் கூடுகட்டிக் கொட்டுகிற வகைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவை எறும்பைவிடச் சிறியவை. நம் பக்கமே வருவதில்லை. பெண் குளவி ஒரு கம்பளிப்புழுவையோ மாவுப்பூச்சியையோ வேறொரு பூச்சியின் முட்டையையோ தேடிப்பிடித்து, வயிற்று நுனியிலுள்ள ஊசியால் துளைத்து உள்ளே முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தே தின்று வளரும். இடம் கொடுத்த பூச்சி கடைசியில் செத்தே தீரும். நமக்குப் பழக்கமான ஒட்டுண்ணிகளான பேனும் உண்ணியும் அப்படிக் கொல்வதில்லை.

அலியோடெஸ் என்ற பேரினத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உலகெங்கும் பரவியுள்ள இனக்கூட்டம் இது. வெப்பமண்டலக் காடுகளில் நிறையவே உண்டு. இதன் புழு குடியேறிய கம்பளிப்புழு மெல்லச் சுருங்கி, தோல் தடித்துப் பழுப்பேறி, பதப்படுத்திய பிணம்போல் இறுகிவிடும். உள்ளிருக்கும் குளவிப்புழு அதன் அடிவயிற்றில் ஓட்டை போட்டு, பசை கசியவிட்டு, அந்தக் கூட்டை இலையோடோ குச்சியோடோ ஒட்டிக்கொள்ளும். பிறகு அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். வளர்ந்த குளவி முதுகுப்புறத்தில் வட்டமாக அறுத்துக்கொண்டு வெளியேறும். காய்ந்து ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்புழுவின் பின்பகுதியில் ஒழுங்கான வட்டத் துளை தெரிந்தால், உள்ளிருந்தவர் வீட்டைக் காலிசெய்துவிட்டார் என்று பொருள்.

இந்த ஒரு பேரினத்தில் மட்டும் 179 புதிய இனங்களை 2012இல் ஒரே ஆய்வுக்கட்டுரையில் வெளியிட்டார்கள் பட்சர், குவிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள். அத்தனையும் நமக்கு வடக்கே அண்டையிலுள்ள தாய்லாந்தில் கிடைத்தவை. பெயர்களுக்குப் பஞ்சம் வந்ததோ என்னவோ, ஒன்றுக்குப் பாடகி லேடி காகாவின் பெயரையும் சூட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு கிடைத்தது என்றால், இந்தப் பக்கத்துக் காடுகளில் பெயரில்லாமல் பறப்பவை எத்தனை இருக்கும்!

புதிய இனம் என்று அறிவிப்பது எப்படி? முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு உதவுவது மலேஸ் வலை. 1930களில் பர்மாவுக்குப் பூச்சி சேகரிக்கப் போன ஸ்வீடன் நாட்டு ரெனே மலேஸ், தம் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி மேல்மூலைக்கே ஏறுவதைக் கவனித்தார். அந்த மூலையில் ஒரு புட்டியைக் கட்டினால் போதும் என்று தோன்றியது. இன்றும் உலகெங்கும் காடுகளில் கட்டப்படுவது அதே கூடார வலைதான்; புட்டியில் எத்தனால் இருக்கும்.

பிறகு மேசை வேலை. குளவியை உலர்த்தி முக்கோண அட்டை நுனியில் ஒட்டி நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். முன்சிறகின் நரம்புகள் எங்கே கூடுகின்றன, உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், முகத்திலுள்ள புள்ளிக்குழிகள் நெருக்கமா இடைவெளி விட்டா, ஊசி எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். பல நாட்டு அருங்காட்சியகங்களிலுள்ள பழைய மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து டி.என்.ஏ. அடையாளமும் எடுப்பார்கள். எதோடும் பொருந்தவில்லை என்று உறுதியானால், ஒரே ஒரு குளவியை ஹோலோடைப் எனும் மூலமாதிரியாகத் தேர்ந்தெடுத்து, விவரிப்போடு பெயரையும் வெளியிடுவார்கள். பின்னாளில் சந்தேகம் வந்தால் அந்த ஒற்றைக் குளவிதான் சாட்சி.

இது மெதுவான வேலை. அவசரப்பட்டால் வேறு சிக்கல். 2021இல் கோஸ்தாரிக்கா குளவிகளில் 403 புதிய இனங்களை ஒரே மூச்சில் அறிவித்தபோது, பெரும்பாலானவற்றுக்கு டி.என்.ஏ. அடையாளமும் படமும் தவிர அதிக விவரிப்பு இல்லை. மரபணு படிக்கும் கருவி இல்லாதவர் இந்த இனங்களை எப்படி அடையாளம் காண்பார் என்று வகைப்பாட்டியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். காடு அழியும் வேகத்துக்கு வேறு வழியில்லை என்பது மறுதரப்பின் வாதம். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, அரிசி மணியைவிடச் சிறிய பூச்சிக்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மரவள்ளியின் கதை இதற்குப் பதில் சொல்லும்.

1970களின் தொடக்கத்தில் தென்னமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானோரின் உணவான மரவள்ளியைச் சூறையாடியது. 1977இல் மத்தீல்-ஃபெரேரோ என்ற ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அதன் இயற்கை எதிரியைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதிக்குப் போனவர்கள், அங்கே மரவள்ளியில் அதேபோன்ற மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அதைத் தாக்கும் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்தார்கள்; ஆப்பிரிக்கப் பூச்சியிடம் அவை செல்லுபடியாகவில்லை. கூர்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. வடபகுதிப் பூச்சியில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் பெருகியதோ ஆணே இல்லாமல் இனப்பெருக்கம் செய்வது. இரண்டும் வெவ்வேறு இனங்கள். தேடியதே தவறான இடம். 1981இல் அசல் பூச்சியைப் பாராகுவேயில் கண்டுபிடித்தார் பெல்லோட்டி என்ற ஆய்வாளர். அதன்மேல் முட்டையிட்டுக்கொண்டிருந்தது அனகிரஸ் லோபெசி என்ற சிறு குளவி.

அந்த ஆண்டே நைஜீரியாவில் குளவியைத் திறந்துவிட்டார்கள். ஆப்பிரிக்க மரவள்ளி மீண்டது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மாவுப்பூச்சி தாய்லாந்துக்கு வந்தபோதும் அதே குளவியை வரவழைத்தார்கள். 2020இல் கேரளத்தில் தென்பட்ட பூச்சி, தமிழகத்தின் ஜவ்வரிசி வட்டாரமான சேலம், நாமக்கல் வயல்களிலும் பரவியது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வளமையம் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்துப் பெருக்கியது. 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.

நம் செம்பனைத் தோட்டங்களிலும் இந்தக் கணக்கு நடக்கிறது. பையைச் சுமந்தபடி ஓலையை அரிக்கும் மெதிசா பிளானா புழுவை அழிப்பதில் டோலிகோஜெனிடியா மெதெசே என்ற குளவிக்குப் பெரும்பங்கு உண்டு. வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும் என்பதால், தோட்ட ஓரங்களில் மலாய்க்காரர்கள் எட்டு மணிப் பூ என்று அழைக்கும் டர்னெராவை நடுகிறார்கள். மருந்து அடித்தால் புழுவோடு இந்தக் குளவியும் சாகும். எந்தக் குளவி, அதற்கு எந்தப் பூ என்று தெரிந்தால்தான் இந்த வைத்தியம் பலிக்கும்.

கொடிமலையில் 2017 அக்டோபரில் உள்ளூர், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கூடி, கயிறு கட்டி மர உச்சிவரை ஏறி உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். சேகரிப்பது தொடக்கம்தான். புட்டியில் கிடக்கும் குளவியைப் பிரித்து, ஒப்பிட்டு, பெயர் எழுதுவதற்குப் பயிற்சி பெற்ற கண்ணும், அந்த வேலைக்கென்று சம்பளமுள்ள பதவியும், மாதிரிகளைப் பல தலைமுறைக்குக் காக்கும் பெட்டகமும் வேண்டும். பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பூச்சி வகைப்பாட்டு மையம் அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று. பூச்சியில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறந்திருப்பதைப் பெற்றோரும் பள்ளிகளும் சொல்லித்தர வேண்டும்.

அனகிரஸ் லோபெசியை அர்ஜென்டினாவின் டி சாந்திஸ் விவரித்தது 1964இல். அப்போது ஆப்பிரிக்காவில் அந்த மாவுப்பூச்சி கிடையாது. குளவி எவருக்கும் தேவைப்படவில்லை. பதினேழு ஆண்டு கழித்துத் தேவை வந்தபோது, குளவி இன்னதென்று சொல்ல அவருடைய விவரிப்பு தயாராக இருந்தது. தண்ணீர்மலைக் காட்டில் எந்தக் குளவி எந்தப் பயிருக்கு உதவும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.