செந்நாய்க் குடும்பம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள் அகத்தியமலைச் சரிவில் இருக்கின்றன. மலையின் மறுபக்கம் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். இந்தியாவில் ஓநாய் வறண்ட வெட்டவெளியின் விலங்கு. மழை மிகுந்த இந்தக் காடுகளில் கூட்டமாக வேட்டையாடுவது செந்நாய்.

செம்பழுப்பு உடல், கரிய அடர்ந்த வால். ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் மூன்று பின்கடைவாய்ப் பற்கள் உண்டு, செந்நாய்க்கு இரண்டே. புதர்க்காட்டில் சிதறிய கூட்டம் சீழ்க்கை அடித்து ஒன்றுசேரும்.

இந்த விலங்கைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு அடித்தளம் இட்டவர் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த அவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். காட்டில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்திய அறிவியலாளர் ஒருவர் முறையாக ஆராய்ந்தது அதுவே முதல்முறை என்பார்கள்.

கூட்டத்தில் பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு வரை இருக்கும். இருபதைத் தாண்டுவதும் உண்டு. வழக்கமாக ஒரு பெண்தான் குட்டி போடும். மற்றவை வளர்ப்பு வேலையைப் பகிர்ந்துகொள்ளும். வேட்டை முடிந்து வளைக்குத் திரும்பும் நாயின் வாயைக் குட்டிகள் நக்கும். அது உடனே வயிற்றிலிருக்கும் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். வளையைவிட்டு நகராத தாய்க்கும் இப்படியே இரை வரும். குட்டிகள் வளர்ந்து கூட்டத்தோடு ஓடத் தொடங்கியபின் இரையில் முதல் உரிமை அவற்றுக்குத்தான். பெரியவை ஒதுங்கி நிற்கும். பாதைகள் சந்திக்கும் இடங்களில் கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில் எச்சமிடும். அடுத்த கூட்டத்துக்கு அது எல்லை அறிவிப்பாகக் கருதப்படுகிறது.

கூட்டம் என்றாலே வலுத்த ஒருவன் அடக்கி ஆள்வது என்ற எண்ணம் ஓநாய் ஆய்விலிருந்து பரவியது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஆய்வு, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றியது. உறவில்லாதவற்றை ஒரே கொட்டகையில் விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? அந்தக் கருத்தைத் தன் 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999-இல் அதைத் திருத்தினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், முந்தைய ஈற்றுக் குட்டிகள். செந்நாய்க் கூட்டமும் உறவுக்காரர்களின் கூட்டமே. முதுமலையில் செந்நாய்களைப் பற்றி நடந்த ஓர் ஆய்வில், கூட்டத்தைவிட்டு வெளியேறுபவை அதிகமும் பெண்கள் என்று தெரிந்தது.

இரை சாகும் முன்பே தின்னத் தொடங்குவதால் செந்நாய்க்குக் கொடியது என்ற பெயர். புலியோ சிறுத்தையோ வந்து பறிக்குமுன் முடித்தாக வேண்டிய அவசரம் அது. ஆனால் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதைப் பூச்சிபுழு போலவே பார்த்தார்கள். கொன்றவருக்கு அரசு பரிசுப் பணம் தந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் இந்த வழக்கம் முடிவுக்கு வந்தது.

இன்று உலகம் முழுவதும் இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இருப்பவை 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. இரை குறைவதோடு, ஊர் நாய்களிடமிருந்து வரும் வெறிநோயும் டிஸ்டெம்பரும் பெரிய ஆபத்து. வாயோடு வாய் ஊட்டி வளரும் கூட்டத்தில் ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றவை தப்புவது கடினம். காட்டோர ஊர்களில் நாய் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போட வேண்டும். நாயைக் காட்டுக்குள் அவிழ்த்துவிடக் கூடாது.